சாந்திலிருந்து சந்தனம்

சந்திரனைப் போலக் குளிர்வதால் ‘சந்தனம்’ என்றும், மனத்துக்குச் சாந்தம் தருவதால் ‘சாந்து’ என்றும் மேடைதோறும் சொல்லிவருகிறார்கள். இரண்டும் பிழை. கொத்தனார் குழைப்பதும் சாந்துதான். அதில் குளிர்ச்சியும் இல்லை, மணமும் இல்லை. நெற்றிக்கு இடுவதும் சாந்து. தெலுங்கில் அந்தக் கறுப்புப் பொட்டு மை ‘சாது’. பூசப்படுவது என்பதே இவை எல்லாவற்றுக்கும் பொது.

வினை ‘சாத்து’. திருத்தணி முருகனுக்குச் சந்தனம் ‘தடவினார்கள்’ என்று அவ்வூரில் யாரும் சொல்வதில்லை, ‘சாத்தினார்கள்’ என்பதே வழக்கு. சாத்துபடி என்ற சொல்லும் இதன் வழியே. பொருந்து–பொருத்து, திருந்து–திருத்து என வரும் தமிழில் சாந்து–சாத்து உறவுக்குத் தனிச் சான்று வேண்டியதில்லை.

வடமொழியாளர் ‘சதி’ என்ற தாதுவைக் காட்டி, மகிழ்விப்பது என்று பொருள் கூறுவர். ரிக் வேதத்தில் சந்தனம் என்ற பெயரே இல்லை. மரமோ தென்னாட்டு வறண்ட காட்டு மரம்; புறநானூற்றுக் கபிலர் பாரியின் பறம்பில் அதைக் குறத்தியின் அடுப்புக் கொள்ளியாகவே காட்டுகிறார், ஆரம் என்ற பெயரில். நெடிலாகிய ‘சாந்து’ எப்படிக் குறிலாகும் என்று கேட்போருக்கு, ‘சந்து’ என்ற வடிவமும் தமிழில் உண்டு என்பதே விடை. மொழியறிஞர் பரோ 1955-இல் வெளியிட்ட சமஸ்கிருத மொழி வரலாற்றில் சந்தனத்தைத் திராவிடக் கடன்சொல்லாகவே சேர்த்தார்.

பெயர் மணத்தால் வந்ததன்று என்பதற்குச் செஞ்சந்தனமே சாட்சி. திருத்தணி 1960 வரை சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டத்திலும் கடப்பை மலைகளிலும் வளரும் செம்மரம் அது. சந்தன மரத்துக்கு அது உறவே அன்று, அவரைக் குடும்பத்தது. சந்தனத்தின் வாசமும் அதற்கு இல்லை. கல்லில் உரைத்து வீக்கத்தில் பூசினார்கள், ஆகவே சந்தனம் ஆயிற்று.

இந்த இரண்டு மரங்களும் பெயரோடு திபெத்துக்குப் போயின. அங்கே ‘த்சந்தன்’: வெள்ளை, நுரையீரல் சூட்டுக்கு; சிவப்பு, குருதிச் சூட்டுக்கு. கூடவே நம் அகிலும் வடமொழியில் ‘அகரு’வாகி மலையேறியது, 35 சரக்குகள் சேர்ந்த திபெத்திய மாத்திரைக்கு ‘அகர் 35’ என்றே பெயர். மருத்துவப் பொடியும் நறும்புகையும் அங்கே ஒரே சரக்குகளிலிருந்து பிறக்கின்றன.

இந்த மரபைக் காணத் திபெத்துக்குப் போக வேண்டியதில்லை. தெய்வானைக்குச் சீராக இந்திரன் தந்ததாகத் தலபுராணம் சொல்லும் கல்லில் அரைத்து, தணிகை முருகனுக்குச் சாத்திய சந்தனத்தை அடியார்கள் நெற்றியில் இடுவதில்லை. நோய் தீர நீரில் கரைத்துக் குடிக்கிறார்கள்.

சந்தனம் வடமொழி வழியே திரும்பி வந்த தமிழ்ச் சொல். அகராதி தொகுப்போர் அதன் எதிரே ‘சாந்து’ என்று எழுத வேண்டும்.