கோழித் தீனிற் கலந்த மருந்து

குஞ்சு பொரித்து மூன்று கிழமையாகியிருக்கும். நேற்றுவரை ஓடித் திரிந்தவை இன்று காலையிற் சிறகு தொங்க, கண்மூடி, ஒன்றையொன்று அண்டி நிற்கின்றன. கூளத்திலோ செந்நிற எச்சம். கோழி வளர்ப்போர் பெரிதும் அஞ்சும் குருதிக் கழிச்சல் இதுவே. இந்நோயைத் தீனோடு மருந்து சேர்த்துத் தடுக்க மனிதர் முயன்ற வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

நோய்க்குக் காரணம் ஐமீரியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. 1929இல் அமெரிக்க அறிஞர் ஏர்ணஸ்ற் ரைசர், கோழியில் வாழும் ஐமீரியா ஓரினமன்று, பல இனம் என்பதை விரிவாக எடுத்துக்காட்டினார். ஒவ்வோரினமும் குடலில் தனக்கென ஓரிடத்தைப் பற்றிக்கொள்கிறது. குருட்டுக்குடலைப் புண்ணாக்கிக் குருதி பெருகச் செய்வது தெனெல்லா. சிறுகுடலின் நடுப்பகுதியிற் குடியிருப்பது மாக்சிமா. இவ்விரண்டு பெயர்களையும் நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

முற்றத்தில் நாலைந்து கோழிகள் மேய்ந்த காலத்தில் இது பெருங்கேடாகத் தோன்றவில்லை. ஒட்டுண்ணியைச் சிறிது சிறிதாக உட்கொண்ட குஞ்சு தானாகவே எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். ஆயிரக்கணக்கிலே ஒரே கூரையின் கீழ் அடைத்து வளர்க்கத் தொடங்கியபோதுதான் நோய் கொள்ளையாயிற்று. ஈரக் கூளத்தில் ஓரிரு நாளில் முதிரும் இதன் வித்துக்குத் தடித்த உறை உண்டு. சாதாரணக் கிருமிநாசினிகள் அதனை அசைப்பதில்லை.

முதலிற் கைக்கொண்டவை வீட்டு வைத்தியம் போன்றவையே. 1920களிற் கலிபோர்னியாவிலே ஆடை நீக்கிய பாலைத் தீனிற் சேர்த்தனர். 1930களிற் கந்தகத் தூளைக் கலந்தனர். கந்தகம் நோயைத் தணித்தது உண்மை. ஆனால் அளவு மிகுந்தபோது குஞ்சின் எலும்பு வளைந்தது! 1939இல் லெவின் என்பவர் சல்பா மருந்தின் ஆற்றலைக் காட்டினார். 1948 முதல் சல்பாகுயினொக்சலீனைக் குறைந்த அளவில் நாள்தோறும் தீனிற் கலக்கும் வழக்கம் ஏற்பட்டது. நோய் வந்தபின் மருந்து என்பது மாறி, நோய் வருமுன்னரே மருந்து என்றாயிற்று. 1971இல் மொனென்சின் வந்தது. இதற்கிடையில் ஒட்டுண்ணியும் வாளாவிருக்கவில்லை. ஒவ்வொரு மருந்தையும் தாங்கும் வல்லமையை அது காலப்போக்கிற் பெற்றது. சில மருந்துகள் வெகு விரைவிலேயே பயனிழந்தன.

மூலிகை வேறு, மருந்து வேறு என்று வாதிடுவோர் சாங்ஷான் வேரின் கதையைக் கேட்டல் நன்று. சீன வைத்தியர் காய்ச்சலுக்கு நெடுங்காலமாக வழங்கிய வேர் அது. 1942இல் யாவா யப்பானியர் கைப்பட்டுக் குயினீன் அருகியபோது மலேரியாவுக்கு மாற்றுத் தேடியவர்களின் கண் இவ்வேரிலே விழுந்தது. அதன் சத்துப் பொருளைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவை அடக்கியது, உண்டவரையோ ஓயாது வாந்தியெடுக்க வைத்தது. மனிதருக்கு ஒவ்வாத அப்பொருளின் அமைப்பைச் சற்று மாற்றிச் செய்ததே ஹலோபியூஜினோன். அது கோழித் தீனுக்கு மருந்தாயிற்று. ஒரு தொன் தீனுக்கு 3 கிராம் போதும். மூலிகையின் வழிவந்ததாயினும் அளவு மீறினாற் குஞ்சின் வளர்ச்சி குன்றும்.

மருந்துகள் தளர்ந்தமையால் அறிஞர் மீண்டும் இலையையும் கிழங்கையும் நாடினர். அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் 1997இலும் 1998இலும் தம் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். மலேரியா மருந்தாகிய ஆர்ட்டிமிசினினைத் தரும் சீனச் செடியின் உலர்ந்த இலையை நூற்றுக்கு ஐந்து பங்காகத் தீனிற் கலந்தபோது தெனெல்லாவின் புண் குறைந்தது. மாக்சிமாவிடம் அது பலிக்கவில்லை. மஞ்சளின் சத்தோ நேர்மாறாக, மாக்சிமாவுக்கு எதிராகப் பயன் தந்தது, தெனெல்லாவைத் தடுக்கவில்லை. செந்நிற எச்சத்தைக் கண்டு கலங்கி, அடுக்களை மஞ்சளை அள்ளித் தீனிற் கொட்டுபவரின் கூட்டிலே அப்போது நிற்பது பெரும்பாலும் தெனெல்லாவே.