உருவப்பட வில்லைகளின் சோதனை ஒப்பீடு

உருவப்பட வில்லை என்பது மனித முகத்தையும் மார்பளவு உருவத்தையும் படமெடுக்கப் பயன்படும் ஒளிப்படக்கருவி வில்லை ஆகும். முழுச்சட்டக் கருவிகளில் இதன் குவியத் தூரம் பொதுவாக 85 மி.மீ. முதல் 135 மி.மீ. வரை இருக்கும். எஃப்/2 அல்லது அதனினும் பெரிய திறப்பு உடையவை வேக வில்லைகள் எனப்படுகின்றன. மிகுந்த ஒளியை உள்ளே விடுவதால் குறைந்த நேரத்தில் படம் பதிவாவதே இப்பெயருக்குக் காரணம்.

வரலாறு

1840 இல் வியன்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோசப் பெட்சுவல் எஃப்/3.6 திறப்புடைய உருவப்பட வில்லையைக் கணித முறையில் வடிவமைத்தார். எஃப்/15 அளவிலான வில்லையை விட இது ஏறத்தாழ 17 மடங்கு ஒளியை உட்செலுத்தியது. இதன் படம் நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் மங்கலாகவும் இருந்தது. எனினும் முகம் நடுவில் அமைவதால் அக்குறை உருவப்படத்திற்குத் தடையாகவில்லை.

திறப்பின் விளைவு

கேனான் நிறுவனத்தின் 85 மி.மீ. எஃப்/1.2 (இரண்டாம் பதிப்பு, 2006), எஃப்/1.8 (1992) ஆகிய இரு வில்லைகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

- திறப்பின் விட்டம்: சுமார் 71 மி.மீ.; 47 மி.மீ.
- எடை: 1025 கிராம், 425 கிராம்.
- 2 மீட்டர் தொலைவில் கூர்மை ஆழம்: சுமார் 4 செ.மீ.; 6 செ.மீ.

முன்னது பின்னதை விட 2.25 மடங்கு ஒளியைப் பெறுகிறது. எனவே ஒளி குறைந்த திருமண மண்டபங்களில் அது பயனுள்ளது. ஆனால் குவியம் 2 செ.மீ. பிசகினாலும் கண் மங்கிவிடும். சோதனையில் நேரும் இத்தகைய பிழை, வில்லையின் குறையாகத் தவறாகக் கொள்ளப்படலாம்.

கூர்மை வரைபடங்கள்

நுண்கோடுகளின் கருமை வெண்மை வேறுபாட்டை வில்லை எந்த அளவு படத்தில் காக்கிறது என்பதை எம்.டி.எஃப் வரைபடம் காட்டுகிறது. கேனான் மி.மீ.க்கு 10, 30 கோட்டிணைகளுக்கும், சைசு நிறுவனம் 10, 20, 40 கோட்டிணைகளுக்கும் வரைபடம் வெளியிட்டுள்ளன. சைசின் மதிப்புகள் வில்லையை அளந்து பெறப்பட்டவை. வேறு பல நிறுவனங்களுடையவை வடிவமைப்பிலிருந்து கணிக்கப்பட்டவை. ஆகவே இவற்றை நேரடியாக ஒப்பிடுதல் பொருந்தாது. கருவியில் பொருத்திச் செய்யும் சோதனையில் உணரியின் பிரிதிறனும் முடிவில் கலந்துவிடுகிறது.

வரைபடத்தில் புலப்படாத பண்புகள்

பின்புல மங்கலின் மென்மையைக் கூர்மை எண் காட்டாது. 1999 இல் வெளியான மினோல்டா 135 மி.மீ. எஃப்/2.8 வில்லையில், மங்கலை மென்மையாக்க ஓரத்தில் கருமை கூடும் வடிகட்டி உள்ளது. இதனால் அதன் ஒளி அளவு எஃப்/4.5 திறப்புக்கு நிகராகக் குறைகிறது. கூர்மையற்ற பகுதிகளின் விளிம்பில் தோன்றும் ஊதா, பச்சை நிறப்பிறழ்ச்சியும் தனியே சோதிக்கப்பட வேண்டும்.

ஒப்பிடும் முறை

ஒரே கருவி, ஒரே திறப்பு, ஒரே உருவளவு ஆகியவற்றில் பெற்ற முடிவுகளே ஒப்பிடத்தக்கவை. எஃப்/1.2 வில்லையை முழுத்திறப்பிலும் எஃப்/1.8 இலும் சோதித்த பின்னரே, அதனை எஃப்/1.8 வில்லையுடன் ஒப்பிடுதல் முறையாகும்.