தெப்பம் செலுத்துதல் (மதுரை)

சுக்கானும் பாயும் எந்திரமும் இல்லாத மிதவையைக் கரையிலிருந்து வடம் பிடித்து நடத்தும் முறை. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில், தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருளும் தெப்பம் காலையில் இருமுறையும் இரவில் ஒருமுறையும் மைய மண்டபத்தைச் சுற்றிவருகிறது. குளத்தை வெட்டியவர் 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர். பாய்மரப் படகை ஓட்டுபவர் காற்றைப் பார்த்து, படகிலிருந்தே முடிவெடுக்கிறார். தெப்பத்திலோ ஏறியவர் கையில் எதுவுமில்லை. அதன் பாதுகாப்பு முழுவதும் கரையில் நிற்பவர்களிடம்தான்.

நாற்புறமும் சுவர் எழுப்பிய குளத்தில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். அலை இல்லை என்பது சரி. ஆனால் பாய்மரப் படகுகள் பலவற்றுக்கு அடிக்கட்டையில் கனம் இருக்கிறது. சாய்ந்தாலும் அது நிமிர்த்திவிடும். தெப்பத்துக்குக் கனம் மேலே: விமானம், அலங்காரம், நிற்கும் ஆட்கள். அதைக் காப்பது அகன்ற அடித்தளம் மட்டுமே. எல்லோரும் ஒரே ஓரத்துக்கு நகர்ந்தால் அந்த ஓரம் அமிழும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதுவும் அலையடிக்காத நீர்தான். ஆகவே ஏறுவோர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது கெடுபிடி ஆகாது. வடத்தைச் சுண்டி இழுப்பதும் தவறு. நகரத் தொடங்கிய கனம் சட்டென நிற்காது. திருப்பத்துக்கு முன்பே வடத்தைத் தளர்த்த வேண்டும். குளம் வறண்ட ஆண்டுகளில் தெப்பம் நிலையாகவே நின்றது. அப்போது இந்தக் கவலை எதுவும் இல்லை, திருவிழாவில் பாதியும் இல்லை.