இரவுப் படத்தில் தெரியாத பாலம்

சுவிட்சர்லாந்து என்றதும் காலண்டர்களில் வரும் ஒரு இரவுக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கலாம். கருநீல வானம், அசையாத தண்ணீர், பொன்னிற வெளிச்சத்தில் கூரை போட்ட நீளமான மரப்பாலம், பக்கத்தில் எண்கோண வடிவில் ஒரு கல் கோபுரம். லுசேர்ன் நகரில் ரோய்ஸ் ஆற்றின் மேல் நிற்கும் கப்பெல்ப்ரூக்கே பாலம்தான் அது. அருகிலுள்ள புனித பேதுரு சிற்றாலயத்தால் வந்த பெயர்.

இந்தப் படம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. சூரியன் மறைந்து வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும்போதே தயாராகிவிட வேண்டும். டிரைபாடைப் பாலத்தின் மேல் வைக்கக் கூடாது. யாராவது நடந்தால் பலகை அதிரும், படம் கலங்கிவிடும். கரையில் வைத்து, பத்துப் பதினைந்து நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் போதும். ஆற்றின் அலைகள் வழவழப்பாகிவிடும். பாலத்தில் நடந்துபோகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள்.

அழகான படம்தான். ஆனால் அதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாலம் கட்டப்பட்ட ஆண்டு 1333 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கோபுரம் அதைவிடப் பழையது. சிறைச்சாலை, சித்திரவதைக் கூடம், கருவூலம் என்று பல வேலை பார்த்த கோபுரம் அது. பாலமும் வெறும் நடைபாதை இல்லை, நகரக் கோட்டையின் ஒரு பகுதி. கூரை எதற்கு? மழையும் பனியும் பட்டால் பாரம் தாங்கும் மரங்கள் உளுத்துப்போகும். கூரை பாலத்துக்குப் பிடித்த குடை மாதிரி. 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கூரைக்கு அடியில் இருந்த முக்கோண இடைவெளிகளில் ஹைன்ரிஷ் வேக்மான் என்ற ஓவியரின் பலகை ஓவியங்களை வைத்தார்கள். நகரின் வரலாறும், அதன் காவல் புனிதர்களான லியோதெகார், மொரீஷியஸ் இருவரின் கதைகளும் அவற்றில் இருந்தன. நடந்துகொண்டே தலை நிமிர்ந்து படிக்கும் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1993 ஆகஸ்ட் 18. நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் பாலம் தீப்பிடித்தது. அணையாத சிகரெட் துண்டுதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும் அது நிரூபிக்கப்படவில்லை. காய்ந்த மரம், நீளமான கூரை, கேட்கவா வேண்டும்? இரண்டு முனைகளும் கல் கோபுரமும் தப்பின. நடுப்பகுதி எரிந்துபோனது. தொங்கிக்கொண்டிருந்த ஓவியங்களில் பெரும்பகுதி அந்த ஒரே இரவில் போய்விட்டது.

எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1994 ஏப்ரலில் பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். பழைய வடிவம், புது மரம். மரத்தை அறுத்துப் பொருத்திவிடலாம், முந்நூறு வருட ஓவியத்தை என்ன செய்வது? மீட்க முடிந்ததை மீட்டு மாட்டினார்கள். பல முக்கோணங்கள் வெறுமையாகவே நின்றன.

இப்போது அந்த இரவுப் படத்தை மறுபடி பாருங்கள். விளக்கொளியில் 14ஆம் நூற்றாண்டும் 1994ஆம் வருடமும் ஒரே பொன்னிறம். ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. நடந்துபோன மனிதர்களை மட்டுமா அந்தப் பத்து நொடி மறைத்தது? தீயையும் சேர்த்தே மறைத்துவிட்டது.

அதனால் அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தால் இரவில் ஆசை தீரப் படமெடுங்கள். மறுநாள் காலையில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மேலே பார்த்தபடி நடங்கள். ஓவியம் நின்றுபோய் வெறும் கூரை தொடங்கும் இடம் வரும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பாலத்தின் வரலாற்றில் மிக முக்கியமான பக்கம் அந்த வெற்றிடம்தான்.