கிளிப் போடப் போனா 'மேல்தாடையை விரிக்கணும்'னு சொல்றாங்களா? பயப்படுறதுக்கு முன்னாடி வயசைப் பாருங்க!

பிள்ளையோட தெத்துப்பல்லுக்கு கிளிப் போடலாம்னு பல் மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பீர்கள். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "முதல்ல மேல்தாடையை அகலப்படுத்தணும், கிளிப் எல்லாம் அப்புறம்" என்று அவர் சொல்லியிருப்பார். எலும்பை எப்படிங்க விரிப்பாங்க? வீட்டுக்கு வரும் வழியிலேயே யூடியூபில் தேடினால் வாய்க்குள் ஸ்க்ரூ, முன்பல்லில் பெரிய சந்து என வீடியோக்கள் வரிசை கட்டும். இருந்த தைரியமும் போய்விடும்.

உண்மையில் சின்னப் பிள்ளைகளுக்கு இது வழக்கமான ஒரு சிகிச்சைதான். ஆனால் 9 வயதில் செய்வதும் 29 வயதில் செய்வதும் ஒன்றல்ல. குழப்பம் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மேல்தாடை ஒரே எலும்பு இல்லையா?

நாக்கு நுனியால் வாயின் கூரையைத் தடவிப் பாருங்கள். நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு கோடு ஓடுவது தட்டுப்படும். அதற்கு நேர் மேலேதான் இடது, வலது என இரண்டு எலும்புகள் சந்திக்கின்றன. சிறு வயதில் இந்த இணைப்பு முழுசாக இறுகியிருக்காது, இடையில் இருப்பது மென்மையான திசுதான். வளர வளர இரு பக்க எலும்பும் ரம்பப் பல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு, கடைசியில் ஒட்டிவிடும். ஒட்டுவதற்கு முன்னாடி மெதுவாக விலக்கினால், இடைவெளியில் உடம்பே புது எலும்பை வளர்த்து நிரப்பிக்கொள்ளும். சிகிச்சையின் அடிப்படை இவ்வளவுதான்.

இதை முதலில் எழுதி வைத்தவர் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த எமர்சன் ஏஞ்செல் என்ற பல் மருத்துவர். 1860-ல் ஒரு சிறுமியின் வாயில் ஸ்க்ரூ வைத்து, இரண்டே வாரத்தில் தாடை எலும்பை விலக்கியதாக அவர் சொன்னபோது பலரும் நம்பவில்லை. நிரூபிக்க எக்ஸ்ரே வேண்டுமே? எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல். அப்புறம் கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, ஆண்ட்ரூ ஹாஸ் என்ற அமெரிக்க நிபுணர் பன்றிகளிடம் சோதித்துப் பார்த்து, 1961-ல் மனிதர்களிடம் கிடைத்த முடிவுகளையும் வெளியிட்ட பிறகுதான் இந்த முறைக்கு மறுவாழ்வு வந்தது.

யாருக்குத் தேவை?

எவர்சில்வர் டப்பாவை மூடும்போது மூடி வெளியே உட்காரும் இல்லையா, அதுமாதிரி மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று வெளியே உட்கார வேண்டும். மேல்தாடை குறுகலாக இருந்தால் மூடி டப்பாவுக்குள் விழுந்தது போல் ஆகிவிடும். இதைத்தான் மருத்துவர்கள் கிராஸ்பைட் என்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தால், கடிப்பதற்கு வாகாக பிள்ளை கீழ்த்தாடையை ஒரு பக்கமாக நகர்த்திப் பழகிவிடும். வளரும் வயதில் வருஷக்கணக்கில் இப்படியே போனால் முகமும் ஒரு பக்கம் சாய்ந்து வளரக்கூடும். பற்கள் நேராக இருப்பதை விட இது பெரிய விஷயம். பரம்பரை, நீண்ட நாள் விரல் சூப்பும் பழக்கம், வாயால் மூச்சு விடுவது என இதற்குப் பல காரணங்கள் உண்டு. அன்னப்பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கும் இந்தச் சிகிச்சை அடிக்கடி தேவைப்படும்.

வீட்டில் என்ன நடக்கும்?

எக்ஸ்பாண்டர் என்ற கருவியை மேல் கடைவாய்ப் பற்களில் வளையம் போட்டு ஒட்டிவிடுவார்கள். நடுவில் ஒரு ஸ்க்ரூ. அதைத் தினமும் சாவி போட்டுத் திருப்பும் வேலை அப்பா அம்மாவுடையது. கால் சுற்று திருப்பினால் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் விரியும். ஒரு நாளைக்கு ஒரு தடவையா, இரண்டு தடவையா என்பதை மருத்துவர்தான் சொல்வார். திருப்பியதும் மூக்குத் தண்டிலும் கண்ணுக்குக் கீழேயும் ஓர் அழுத்தம் தெரியும், சில நிமிடங்களில் குறைந்துவிடும். முதல் வாரம் எச்சில் அதிகமாக ஊறும், பேச்சு குழறும், சாதம் கருவியில் மாட்டிக்கொள்ளும். கடலை மிட்டாய், சூயிங் கம் இரண்டுக்கும் கொஞ்ச நாள் டாட்டா.

சில நாட்களிலேயே முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். பெற்றோர் பதறிப்போய் போன் போடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் எலும்பு விலகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஈறுக்குள் இருக்கும் நார்களே அந்தப் பற்களை மெல்ல மறுபடி நெருங்க வைக்கும். திருப்புவது முடிந்ததும் கருவியைக் கழற்ற மாட்டார்கள். உள்ளே புது எலும்பு கெட்டிப்பட வேண்டும் என்பதால் 3 முதல் 6 மாதம் வரை அப்படியே இருக்கும். அவசரப்பட்டுக் கழற்றினால் விரிந்தது மீண்டும் சுருங்கும்.

பெரியவங்களுக்கு முடியாதா?

முடியும், வேறு வழியில். இணைப்பு எந்த வயதில் ஒட்டும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். 1977-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 வயதுப் பெண் ஒருவருக்கு எலும்பு ஒட்டத் தொடங்கியிருந்தது, 27 வயதுப் பெண் ஒருவருக்கோ ஒட்டவே இல்லை. அதனால் பதின்ம வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து முடிவெடுப்பது உண்டு. அன்னத்து எலும்பிலேயே சின்ன ஸ்க்ரூக்களைப் பதித்து விரிப்பது ஒரு வழி. முழுசாக ஒட்டியிருந்தால் அறுவை சிகிச்சை.

எலும்பு இறுகிய பிறகு பல்லை மட்டும் பிடித்துத் தள்ளும் கருவியைப் போட்டால், விரிவது எலும்பு அல்ல. பற்கள் வெளிப்பக்கமாகச் சாயும், ஈறு கீழிறங்கும், வேரைச் சுற்றிய எலும்பு தேயும். வெளியிலிருந்து பார்த்தால் வாய் அகலமானது மாதிரிதான் தெரியும், அதுதான் ஆபத்து. "எந்த வயசிலும் அறுவை சிகிச்சை இல்லாமல் தாடை வளரும்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நாக்கை அண்ணாந்து ஒட்டிவைத்தால் தாடை மாறும் என்று ரீல்ஸில் ஓடும் 'மியூயிங்' பெரியவர்களின் எலும்பை விரிக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

குறட்டைக்கும் இதைச் செய்யலாம் என்பார்கள். தாடை குறுகலான சில குழந்தைகளுக்கு மூக்கின் உள்வழி சற்று விரிந்து பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் டான்சில், மூக்கடி சதைப் பிரச்னை என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

சிகிச்சை தருபவர் எம்டிஎஸ் படிப்பில் ஆர்த்தோடான்டிக்ஸ் முடித்தவரா என்று கேட்பதில் தப்பில்லை. "விரியப்போறது எலும்பா, பல்லா?" என்றும் கேளுங்கள். சாவியில் ஒரு நீள நூலைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும், கை நழுவினாலும் தொண்டைக்குள் போகாது. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் சேர்த்துத் திருப்பாதீர்கள், மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள்.