மதுரைச் சீமையின் குதிர்கள்

பழைய மதுரை மாவட்டத்தில், பழனிக்கு அருகே, பொருந்தல் என்றொரு சிற்றூர் உண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடைபெற்றது. அப்போது ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறக்குறைய 2 கிலோ நெல்! அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. இறந்தவர்க்கென வைத்த நெல்லைச் சேமிப்பு என்று சொல்லலாகாதுதான். ஆயினும், தானியத்தை மட்கலத்தில் இட்டுவைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் எத்துணைப் பழமையானது என்பதை அது காட்டுகின்றது.

பின்னாளில் நம் வீடுகளில் நின்ற குதிரும் மண்கலமே. மண்ணையும் வைக்கோலையும் குழைத்து, உறைமேல் உறையாக அடுக்கி எழுப்புவர். குலுக்கை என்றும் அதனைச் சொல்வதுண்டு. பூச்சிக்கு அஞ்சி வேப்பிலையும் நொச்சித் தழையும் இடுவர். ஆனால் உண்மையான காவல் தழையன்று, வெயிலே என்பேன். நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்கைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வண்டும் அந்துப்பூச்சியும் பெருகும். இக்கணக்கை அறியாத பாட்டிமார் நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பர். 'நொறுக்'கென்று ஒடிந்தால்தான் குதிருக்குள் போகும்.

மானாவாரிச் சமவெளியில் விளைந்த வரகு பல்லாண்டு கெடாதது. கோபுரக் கலசத்துள் அதனை இடும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஆனால், மழை அடியோடு பொய்த்தால் குதிர் என்ன செய்யும்? 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர்.

1895இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த அணை, பெரியாற்று நீரை வைகைக்குத் திருப்பிவிட்டது. வறண்ட நிலம் வயலாயிற்று. ஒரு பகுதியில் இருபோகம் விளைந்தது. நன்மையோடு ஒரு தொல்லையும் வந்தது. முதற்போகத்து அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதியது. காயாத நெல்லுக்குக் குதிரும் உதவாது, கிடங்கும் உதவாது.

1975இல் ஐக்கிய நாடுகள் சபை, வளரும் நாடுகளில் அறுவடைக்குப் பின் நேரும் இழப்பை 1985க்குள் பாதியாகக் குறைக்க உறுதி பூண்டது. உழவர் வீட்டுக் களஞ்சியமே பெருங்குற்றவாளி என்று பலர் எண்ணிய காலம் அது. ஆனால் ஆந்திர நாட்டுச் சிற்றூர்களில் அளந்து பார்த்தபோது, அங்கே இழப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கே என 1978இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. பழிசுமத்துமுன் அளந்து பார்த்தது எவ்வளவு நல்லதாயிற்று!

ஐப்பசியில் வாடிப்பட்டிப் பக்கம் சென்றால் இன்றும் காணலாம்: தார்ச்சாலையோரத்தில் நெல் காய்கின்றது; மேற்கே வானம் இருண்டதும் படுதாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.