ஏரியின் கீழ்க் குடித்தனம்

பிள்ளைப்பாக்கம் என்ற பெயரை வெளியூரார் இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராகவே அறிவர். ஆயினும் தொழிற்சாலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது ஓர் ஏரியின் பெயராக வழங்கி வந்தது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில் வெளியாகும் காஞ்சிபுரம் மாவட்ட ஏரி நிலவரங்களில் தாமல், தென்னேரி, உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம் ஆகிய பெரிய ஏரிகளோடு பிள்ளைப்பாக்கமும் இடம்பெறுவது வழக்கம். அந்த ஏரி நிரம்பினால் மிகைநீர் கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரியை நாடிச் செல்கிறது. செம்பரம்பாக்கம் திறக்கப்பட்டால் அந்நீர் அடையாறு வழியாகக் கடலைச் சேர்கிறது. தட்டையான, கிழக்கு நோக்கிச் சிறிதே சரியும் இந்நிலத்தில் ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்து அமைந்திருப்பதால், மேலேரியின் கரை உடைந்தால் அந்த வெள்ளம் கீழேரியின் கரையையும் உடைக்கும் அபாயம் எப்போதும் உண்டு. ஆகவே இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் பேரிடருக்கு எவ்வாறு ஆயத்தமாக இருந்தது என்ற வரலாற்றை அக்குடும்பத்தின் வீட்டுக்குள் இருந்த பொருள்களைக் கொண்டு மட்டும் எழுத இயலாது. வீட்டின் தானியக் குதிரும் ஊரின் ஏரிக்கரையும் சேர்ந்தே ஒரு குடும்பத்தைக் காத்தன. அவ்விரண்டும் குடும்பத்தின் கையை விட்டு எவ்வாறு நழுவின என்பதே இவ்வரலாற்றின் மையம்.

ஏரிப் பராமரிப்பை ஊர்க்கடமையாகக் கருதிய மரபு மிகப் பழையது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்துச் செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட பரமேசுவர தடாகத்தையும் பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த கால்வாயையும் குறிப்பிடுகிறது. முதலாம் பராந்தகச் சோழன் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களை விவரிக்கின்றன. அவற்றுள் ஏரிக்கெனவே தனியாக ஏரி வாரியம் ஒன்று இருந்தது. இக்கல்வெட்டுகள் மக்களாட்சியின் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால் அந்தச் சபை பிராமணக் குடியிருப்பின் நிலவுடைமையாளர் சபை என்பதையும், ஏரியை ஆண்டுதோறும் பொறுப்பேற்றுப் பார்க்க ஆள் வேண்டும் என்ற மிக நடைமுறையான தேவையிலிருந்து அந்த வாரியம் எழுந்தது என்பதையும் சேர்த்தே படிப்பது பொருத்தம்.

பிற்காலத்தில் ஏரிக்காவல் ஊர்ப் பணியாளர்களிடம் இருந்தது. மதகு என்பது ஏரி நீரை வயலுக்கு விடும் வாயில். கலங்கல் என்பது ஏரி நிரம்பியபின் மிகைநீர் கரைக்குச் சேதமின்றி வழிந்தோடக் கல்லால் கட்டிய தாழ்வான பகுதி. இவ்விரண்டையும் கண்காணித்து, எந்த வயலுக்கு எப்போது நீர் விடுவது என்பதை நிறைவேற்றியவரை நீர்க்கட்டி என்றும், செங்கல்பட்டுப் பகுதியில் கம்புகட்டி என்றும் அழைத்தனர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்தால் இவருடைய பணி இரவும் பகலும் நீண்டது. கரையில் நீர்க்கசிவு தெரிந்தாலோ, எலி வளையிலோ நண்டு வளையிலோ நீர் புகுந்தாலோ பறையறைந்து ஊர் திரட்டப்பட்டது. வைக்கோல், மூங்கில், மண், மரக்கிளை ஆகியவற்றைக் கொண்டு உடைப்பு அடைக்கப்பட்டது. மழைக்கு முன்பாகக் கரையை மேடாக்குவதும் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதும் குடிமராமத்து எனப்பட்டன. நீரால் பயனடையும் குடிகள் தம் உழைப்பால் செய்து தீர வேண்டிய மராமத்து என்பது அதன் பொருள்.

வீட்டுக்குள் நடந்த ஆயத்தமும் இதே பருவத்தைக் கணக்கில் வைத்தே அமைந்தது. பனையோலை, விழல், வைக்கோல் ஆகியவற்றால் வேய்ந்த கூரை ஐப்பசிக்கு முன் புதுப்பிக்கப்பட வேண்டும், ஏனெனில் கூரை ஒழுகினால் மண்சுவர் ஊறிச் சரிந்துவிடும். கோடையில் காய்ந்த விறகும் வறட்டியும் பரணில் ஏறின. வடகம், வற்றல், அப்பளம், ஊறுகாய் ஆகியவை இன்று பக்க உணவுகளாகத் தோன்றினாலும், காய்கறி கிடைக்காத, அடுப்பெரிக்கவே அரிதான மழை வாரங்களுக்காகப் பங்குனி, சித்திரை வெயிலைச் சேமித்து வைத்த முறைகளே அவை. நெல் குதிரிலோ தொம்பையிலோ கொட்டப்பட்டது. மண்ணாலும் வைக்கோலாலும் செய்த உயரமான இந்தக் கலங்களின் அடியில் கல்லடுக்கித் தரையின் ஈரத்திலிருந்து காத்தனர். விதை நெல்லை உணவு நெல்லோடு கலவாமல் வேப்பிலை, நொச்சியிலை இட்டுத் தனியே வைத்தனர். வெள்ளம் பயிரை அழித்தபின் அக்குடும்பம் மீண்டும் பயிரிடுமா, நிலத்தை விட்டுப் போகுமா என்பதை அந்த விதையே தீர்மானித்தது. நெல்லைக் காட்டிலும் கேழ்வரகு பஞ்சத்துக்குரிய தானியமாக மதிக்கப்பட்டதற்குக் காரணம், பூச்சி பிடிக்காமல் அது பல ஆண்டுகள் தாங்கும் என்பதாகும்.

ஊரின் இட அமைப்பே ஒரு பாதுகாப்பாக இருந்தது. நத்தம் எனப்படும் குடியிருப்பு நிலம் மேட்டில் இருந்தது; தாழ்ந்த இடம் நன்செய் வயலுக்கும், அதனினும் தாழ்ந்த இடம் கலங்கல் நீர் செல்லும் ஓடைக்கும் விடப்பட்டது. கோயில் மண்டபமும் மேட்டுத் திண்ணைகளும் வெள்ளக் காலத்தில் அடைக்கலமாயின. ஆனால் இந்த ஒழுங்கு எல்லாரையும் ஒரே அளவில் காக்கவில்லை என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் சேரிகள் பெரும்பாலும் ஊரிலிருந்து விலகிய, வயலை ஒட்டிய தாழ்நிலங்களில் இருந்தன. உடைப்பை அடைக்க நள்ளிரவில் நீரில் இறங்கியவர்களும் அவர்களே. பண்ணையாள்களின் வீட்டில் குதிரை நிரப்ப நெல் இருந்ததில்லை. களத்தில் பெற்ற கூலித் தானியம் சில வாரங்களுக்கு மேல் தாங்காத நிலையில், அவர்களுடைய ஆயத்தம் பனங்கிழங்கையும் காட்டுக் கீரைகளையும் அறிந்திருந்த அறிவிலும், நிலக்கிழாரின் இரக்கத்திலும் அடங்கியிருந்தது.

ஏரிக்கான செலவு அரசுக் கருவூலத்திலிருந்து வராமல் ஊர்க் களத்திலிருந்தே வந்ததற்குச் சான்று உண்டு. 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய செங்கல்பட்டு ஜாகீர், இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதியை உள்ளடக்கியது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இதன் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, ஊர்க் கணக்கர்களின் ஓலைச்சுவடிக் கணக்குகளைத் தொகுத்தார். அக்கணக்குகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்து வெளிப்படுத்தியவர்களுள் தரம்பால் முதன்மையானவர். விளைச்சலை அரசும் குடியும் பங்கிட்டுக்கொள்வதற்கு முன்பாகவே ஏரிக்கும் கோயிலுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பொதுக் குவியலிலிருந்து தானியப் பங்கு எடுத்து வைக்கப்பட்டதை அவை காட்டுகின்றன. ஏரிக்கரையின் செலவு ஒவ்வோர் அறுவடையிலும் தானாகவே ஒதுக்கப்பட்டுவிட்டது என்பதே இதன் சிறப்பு.

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு இந்தச் சீமையைச் சூறையாடியது. ஊர்கள் வெறிச்சோடின, கரைகள் பராமரிப்பின்றிக் கிடந்தன. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் பெரும் முனைப்புக் காட்டினார். மதுராந்தகத்தில் உடையவிருந்த ஏரியை இராமபிரான் காத்ததாகவும் பிளேஸ் அதைக் கண்டதாகவும் வழங்கும் கதையால், அங்குள்ள கோயில் ஏரி காத்த ராமர் கோயில் எனப் பெயர் பெற்றது. அக்கதையின் உண்மை எவ்வாறாயினும், மழை இரவில் கரை நிற்குமா என்ற அச்சம் அக்காலத்து மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு அது தக்க சான்று.

களத்துப் பங்கு மறைந்து, வரி பணமாக வசூலிக்கப்பட்டபோது ஏரியின் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. சென்னை மாகாணத்துக்காக இயற்றப்பட்ட 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டமான கட்டாய உழைப்புச் சட்டம் இதற்கு ஒரு விடை கூற முயன்றது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து நேர்ந்தால் உழைக்கும் வகுப்பாரைக் கூலி கொடுத்துக் கட்டாயமாக அழைக்கவும், வழக்கமான குடிமராமத்தைச் செய்யத் தவறியவர்களிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கவும் அது வழி செய்தது. அழைப்பு உழைக்கும் வகுப்பாரை மட்டுமே சுட்டியதால், ஆபத்தில் முதலில் இறங்க வேண்டியவர் யார் என்ற பழைய சாதி ஒழுங்கு எழுத்தில் உறுதியாயிற்று. சட்டத்தால் மிரட்டிக் காக்க வேண்டிய நிலைக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது என்பதே, அவ்வழக்கத்தைத் தாங்கிய ஏற்பாடு முன்பே தளர்ந்துவிட்டதைக் காட்டுகிறது.

தாது வருடப் பஞ்சம் என இன்றும் நினைவுகூரப்படும் 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம், வீட்டுக் குதிரின் தளர்ச்சியை அம்பலப்படுத்தியது. பணமாக வரி கட்டுவதற்காக அறுவடையிலேயே தானியத்தை விற்ற குடும்பங்களிடம் இருப்பு குறைந்திருந்தது. இரயில் பாதை தானியத்தைக் கொண்டுவர உதவியதைப் போலவே, விலை கூடிய சந்தைக்கு அதை இழுத்துச் செல்லவும் உதவியது. பஞ்ச நிவாரணத்தை ஒழுங்குபடுத்த வந்த ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்யும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்தை அடிப்படையாகக் கொண்ட கூலியே போதும் என வரையறுத்தார். அது உயிரைக் காக்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இந்தப் பஞ்சக் கூலிகளின் உழைப்பால் வெட்டப்பட்டது. பஞ்சத்துக்குப் பின் 1880இல் அறிக்கை தந்த பஞ்ச விசாரணைக் குழுவின் வழியில் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. 1883இல் ஏரிகளைச் செப்பனிடும் திட்டமும் சென்னை மாகாணத்தில் தொடங்கியது. ஒவ்வோர் ஏரிக்கும் நீர்ப்பிடிப்புப் பரப்பு, முழுக்கொள்ளளவு மட்டம், கலங்கலின் நீளம் ஆகியவற்றைப் பதிவு செய்த அத்திட்டம் மதிப்பு மிக்கது என்றாலும், அந்த அறிவு கம்புகட்டியின் நினைவிலிருந்து அலுவலகக் கோப்புக்கு மாறியது.

இருபதாம் நூற்றாண்டில் மாற்றம் விரைந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கி விரிந்த ரேஷன் முறை பஞ்சச் சாவை ஏறத்தாழ ஒழித்தது. அது தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்த மாபெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை, ஏனெனில் பண்ணையாளின் வீட்டில் ஒருபோதும் இல்லாத குதிரை அது ஊருக்குப் பொதுவாக்கியது. ஏரியைப் பொறுத்தவரை இத்தகைய மாற்று எதுவும் எழவில்லை. 1980இல் கர்ணம், மணியக்காரர் உள்ளிட்ட பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. சமூக நீதியின் நோக்கில் தேவையான சீர்திருத்தமே அது. ஆயினும் ஏரியின் வரலாற்றைத் தலைமுறைகளாக அறிந்த ஊர்ப் பணியாளர்களின் இடத்தை, இடமாறுதலில் வந்து செல்லும் அலுவலர்கள் நிரப்புவது கடினமாயிற்று.

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை எழுந்தது முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் எனச் சிப்காட் பூங்காக்கள் அடுத்தடுத்து வந்தன. வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களுக்காக எழுந்த வாடகை வீடுகளும் மனைப்பிரிவுகளும் நத்தத்து மேட்டில் அடங்கவில்லை. ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாய்ந்த வயல்கள், மனைகளாயின. முந்தைய தலைமுறை நெல்லைத் தவிர எதையும் நம்பி வைக்காத தாழ்நிலத்தில் குழந்தைகளோடு குடும்பங்கள் குடியேறின. வெள்ளம் வரும்போது அந்நீர் தன் பழைய பாதையில்தான் செல்கிறது. வீடே அதன் குறுக்கே வந்து நிற்கிறது.

2015 டிசம்பர் முதல் நாளில் இது தெளிவாயிற்று. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. பொது விவாதம் முழுவதும் அந்த மதகுகளைச் சுற்றியே நடந்தது, அது நியாயமும் ஆகும். எனினும் மணிமங்கலம், ஆதனூர் உள்ளிட்ட ஏரிகளின் மிகைநீர் செம்பரம்பாக்கத்தைத் தொடாமலே அடையாற்றில் கலந்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. வெள்ளம் வடிந்தபின் பட்டா, ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் முதலியவற்றை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. அடையாள ஆவணங்களையும் மருந்துகளையும் நீர் புகாத உறையில் இட்டு, கைவிளக்கு, குடிநீர், உலர் உணவு ஆகியவற்றோடு ஒரே பையில் வைத்திருக்கும்படி பேரிடர் மேலாண்மை அமைப்புகள் இன்று கூறும் அறிவுரை, விதை நெல்லைத் தனியே வைத்த பழைய கவனத்தின் தொடர்ச்சியே. மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஆனால் தன் தெரு எந்த ஏரியின் கலங்கலுக்குக் கீழே உள்ளது, நீர் எந்தத் திசையிலிருந்து வரும், அருகிலுள்ள மேடு எது என்பவற்றை அறியாத குடும்பத்துக்கு அந்தப் பை பாதி ஆயத்தமே ஆகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மீண்டும் நீரில் மூழ்கின.

2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றை மணிமங்கலத்தில் தொடங்கியது. வேலைகள் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள் மூலம், அவர்களுடைய பங்களிப்போடு நடைபெற வேண்டும் என்பது அதன் விதி. பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான 2000ஆம் ஆண்டுச் சட்டமும் ஆயக்கட்டில் நிலமுடையவரையே முதன்மை உறுப்பினராகக் கொள்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி திறக்கப்பட்ட இந்த வட்டாரத்தில், ஏரியின் நீரால் பயிர் செய்பவர்களைவிட ஏரியின் கரையை நம்பி உறங்குபவர்களே பெருகி வருகின்றனர். கரை உயர்த்தப்படுவது, கலங்கல் ஓடை ஆக்கிரமிக்கப்படுவது, நீர் திறப்பு எப்போது அறிவிக்கப்படுவது ஆகிய எதிலும் இவர்களுக்கு அச்சட்டத்தின்கீழ் இடமில்லை. ஊராட்சியின் கிராம சபையில், அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும், இவர்கள் இவற்றை எழுப்பலாம்.